15 நிமிடத்தில் கேசில் ஏஜ்: தங்கம் வெட்டணுமா, கல்லை விக்கணுமா?

பாலாற்று_மணல்
ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, டெஃபினிட்டிவ் எடிஷன் கம்ப்யூட்டர் ஆட்டம். காட்பாடி கேமிங் சென்டர்ல ஞாயிற்றுக்கிழமை வைக்கிற சவாலோட விதி: அரேபியா மேப், திராவிடர் மட்டும், வழக்கமான ஆரம்பச் சரக்கு (200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல்), எதிரி தாக்க மாட்டான். ஆட்டக் கடிகாரத்துல 15:00க்குள்ள கேசில் ஏஜ் (மூணாவது யுகம்). 16:30க்குள்ள ரெண்டாவது டவுன் சென்டர் (வில்லேஜர்ங்கிற வேலையாளை உருவாக்கற கட்டடம்) கட்டி முடிஞ்சிருக்கணும். ஒண்ணு தவறினாலும் அவுட்.

என் கணக்கைச் சொல்றேன். ரெண்டாவது யுகமான ஃபியூடலுக்கு ஏற 130 நொடி, கேசிலுக்கு 160. மொத்தம் 290 போச்சு, மிச்சம் 610. ஒரு வில்லேஜருக்கு 25 நொடி, லூமுக்கும் (வில்லேஜர் உயிரைக் கூட்டற ஆராய்ச்சி, 50 தங்கம்) 25. அப்போ டவுன் சென்டர் 24 தடவைதான் வேலை பார்க்க முடியும், அதுவே 600. மீதி 10 நொடிதான் நமக்குச் சலுகை. 21 வில்லேஜரும் லூமும் போட்டா, ஏற்கெனவே இருக்கிற மூணு பேரோட 24 ஆகுது. 9:10க்கு ஃபியூடல் கிளிக், 11:20க்கு ஃபியூடல். அங்க ரெண்டு வில்லேஜர். 12:10க்கு கேசில் கிளிக், 14:50க்கு முடிஞ்சிடும். கிளிக் பண்றப்போ 17 பேர் உணவுல, 4 பேர் மரத்துல, 3 பேர் தங்கத்துல. கேசிலுக்கு 200 தங்கம் வேணும். லூம் போக கையில 50 தங்கம் இருக்கும், பாக்கி 150ஐ அந்த மூணு பேர் ஃபியூடல் ஏறி முடியறதுக்குள்ள ஏறக்குறைய வெட்டிடுவாங்க.

குடியாத்தம்_தறி
நேரக் கணக்கு சரி. ஆள் பிரிச்சதுதான் தப்பு. தங்கத்துல ஒருத்தனும் வேணாம்.

பாரக்ஸ் கட்டலைன்னா ரேஞ்சும் ஸ்டேபிளும் வராது. அப்போ கேசிலுக்குத் தேவையான ரெண்டு கட்டடம் மார்க்கெட்டும் பிளாக்ஸ்மித்தும்தான். மார்க்கெட் எப்படியும் நிக்கப் போவுது. அதுல கல்லோட ஆரம்ப விலை 130, வித்தா 30 சதவீதம் கழிவு. முதல் 100 கல்லுக்கு 91 தங்கம், அடுத்த 100க்குக் கொஞ்சம் கம்மி. லூம் போக 50 இருக்கு. ரெண்டு தடவை வித்தா 200ஐத் தாண்டிடும். மைனிங் கேம்ப் மரம் 100 மிச்சம், மூணு ஆளும் மிச்சம்.

பாலாற்று_மணல்
தம்பி, விதியோட ரெண்டாவது பாதியைப் படிச்சியா? டவுன் சென்டருக்கு 275 மரம் மட்டும் போதாது, 100 கல்லும் வேணும். மொத்தத்தையும் வித்துட்டு 14:50க்குக் கேசில்ல நின்னா, அதுக்கப்புறம் கேம்ப் போட்டு கல் வெட்டி, 150 நொடிக் கட்டடத்தை 16:30க்குள்ள எழுப்ப முடியுமா? நாலு பேர் சேர்ந்தாலே 75 நொடி.

குடியாத்தம்_தறி
அதுக்கும் வழி இருக்கு அண்ணே. 100 கல் மட்டும் வித்து 91. கூடவே 100 மரம் வித்து 70. ஏற்கெனவே இருக்கிற 50. மொத்தம் 211. இன்னொரு 100 கல் அப்படியே கையில. நீங்க மைனிங் கேம்புக்குப் போடற 100 மரம்தான் இங்க மார்க்கெட்டுக்குப் போவுது. செலவு ஒண்ணுதான், ஆனா உங்க மூணு பேர் ரெண்டு நிமிஷத்துக்கு மேல தங்கத்தைச் சுரண்டிகினு இருப்பாங்க, என் மூணு பேர் மரம் வெட்டிகினு இருப்பாங்க.

மரக் கணக்கையும் போட்டுடறேன். லம்பர் கேம்ப் 100, மில் 100, அஞ்சு வீடு 125. ஆரம்ப 200ஐக் கழிச்சா 125 வெட்டணும். மார்க்கெட் 175, பிளாக்ஸ்மித் 150, ரெண்டும் 325. ஃபியூடல் வந்த நொடியே திராவிடருக்கு 200 மரம் இனாமா இறங்குது, அதனால அங்கயும் 125தான். விக்கறதுக்கு 100. ஆக 350. நாலு ஃபார்ம் போட்டா 240 சேர்ந்து 590. இதை நாலு பேரை வச்சி வெட்டினா மூச்சு முட்டும், ஏழு பேர் வச்சா சாவகாசம்.

சத்துவாச்சாரி_ஸ்கவுட்
லூமே வேணாம்னு ஒருத்தரும் சொல்லலையே? அந்த 25 நொடில இன்னொரு வில்லேஜர் எடுக்கலாம், 50 தங்கமும் மிச்சம்.

குடியாத்தம்_தறி
லூம் இல்லைன்னா 100 தங்கம், கல் வித்த 91, மொத்தம் 191. 9 தங்கம் பத்தாது! அந்த 9க்காக எப்படியும் 100 மரத்தை விக்கணும். ஒண்ணும் மிச்சமில்லை.

இலவம்பாடி_கத்திரி
லூமுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அதை யாரும் பேச மாட்டேங்கிறீங்க. லூம் உணவு கேட்காது. கடைசி வில்லேஜருக்கு 50 கட்டின பிறகு ஃபியூடலுக்கு 500 சேரணும். அந்த 25 நொடி சேமிப்பு நேரமா ஓடுது, டவுன் சென்டரும் சும்மா நிக்கலை. லூமை ஃபியூடலுக்கு ஒட்டிக் கடைசியா வைங்க. முதல் பன்றியைக் கறிக்காக டவுன் சென்டர் கிட்ட இழுக்கிறதுக்கு முன்னாடி பயந்துகினு போட்டா இந்தப் பலன் கிடைக்காது.

ஆனா லூம் இல்லாம பன்றி இழுக்கிறவன் உயிர் 25தான், அதை ஞாபகம் வச்சிக்கங்க. அடிபட்டவனையே ரெண்டாவது பன்றிக்கும் அனுப்பினா முடிஞ்சது கதை. சோழ இளவரசன் ராஜாதித்தன் 949ல தக்கோலத்துல யானை மேல உயிரை விட்டான்னாவது பேர் இருக்கு. பன்றிகிட்ட விழுந்த சோழனுக்குப் பேரும் இல்ல.

சத்துவாச்சாரி_ஸ்கவுட்
சரி, லூம் இருக்கட்டும். ஆனா 24+2 (ஃபியூடல் கிளிக்ல 24 பேர், ஃபியூடல்ல இன்னும் 2) வேணாம், 25+1 போங்க. 22 வில்லேஜரும் லூமும் முதல்லயே. 9:35க்கு கிளிக், 11:45க்கு ஃபியூடல். 30 நொடில ரெண்டு கட்டடம், ஒரு வில்லேஜர், 12:15க்கு கேசில் கிளிக், 14:55. மணல் அண்ணன் முறைல 25வது ஆள் 11:45க்குத்தான் பிறக்கிறான். என் முறைல 9:10க்கே வந்துடறான். 150 நொடிக்கு மேல கூடுதல் வேலை, ஏறத்தாழ 50 உணவு.

பாலாற்று_மணல்
அந்த 30 நொடில கட்ட எத்தனை பேரை இழுக்கறே, சொல்லு பார்க்கலாம். மார்க்கெட் ஒத்தை ஆளுக்கு 60 நொடி, பிளாக்ஸ்மித் 40. ஆள் சேர்ந்தா நேரம் நேராக் குறையாது; மூணால பெருக்கி, ஆள் எண்ணிக்கையோட ரெண்டைக் கூட்டி வகுக்கணும். மார்க்கெட்டை 30 நொடில முடிக்க நாலு பேர், பிளாக்ஸ்மித்தை 30ல முடிக்க ரெண்டு பேர். ஆறு பேர் உணவை விட்டுட்டு வரணும். எனக்கு 50 நொடி இருக்கு. மார்க்கெட்டுக்கு ரெண்டு பேர், 45 நொடி. பிளாக்ஸ்மித்துக்கு ஒருத்தன், 40 நொடி. மூணு ஆளோட முடிஞ்சது. உன் ஆறு பேரும் மரத்துல மாட்டிகினு அஞ்சு நொடிக்கு மேல தாமதமா வந்தாலே 15:00 உன்னைத் தாண்டிப் போயிடும்.

சத்துவாச்சாரி_ஸ்கவுட்
ஃபியூடல் வர்றதுக்குப் பத்து நொடி முன்னாடியே ஆளைக் கட்டற இடத்துல நிறுத்திட்டா தாமதம் ஏது?

பாலாற்று_மணல்
அந்தப் பத்து நொடியும் ஆறு பேரும் சும்மா நிப்பாங்க. உன் 50 உணவுல அதையும் கழி.

இலவம்பாடி_கத்திரி
நீங்க ரெண்டு பேரும் அஞ்சு நொடிக்கு அடிச்சிக்கிறீங்க, பெரிய ஓட்டை உணவுல இருக்கு. எந்த முறைன்னாலும் கேசில் கிளிக் வரைக்கும் 23 வில்லேஜர் 1150, ஃபியூடல் 500, கேசில் 800, மொத்தம் 2450. ஆரம்ப 200 போக 2250 சேர்க்கணும். மேப்ல என்ன இருக்கு? எட்டு ஆடு 800, ரெண்டு பன்றி 680, ஆறு பெர்ரிப் புதர் 750. எல்லாம் வழிச்சு எடுத்தாலும் 2230. அதுவும் வழிச்சு எடுக்க முடியாது. வெட்டின கறி கரைஞ்சிகினே போகும், நாலு பேர் பறிக்கிற பெர்ரி 12:10க்குள்ள தீரவும் தீராது. ஃபார்மோ மானோ இல்லாம 15:00 நடக்காது.

24+2ல 9:10லேந்து 12:10 வரைக்கும் 180 நொடில 900 உணவு வேணும், நொடிக்கு 5. ஒரு ஆள் நொடிக்குச் சராசரி 0.3 சொச்சம். 16 பேருக்குக் குறையாம உணவுல இருக்கணும். 25+1ல 160 நொடில 850, அதாவது நொடிக்கு 5.3. 17 பேர் வேணும். அதுலேந்துதான் ஸ்கவுட் தம்பி ஆறு பேரைப் பிடுங்கறார்.

சத்துவாச்சாரி_ஸ்கவுட்
மான் இருக்கே! மூணு மான் 420 உணவு, மரச் செலவு பூஜ்யம். எட்டு ஆடும் ரெண்டு பன்றியும் கண்ணுல பட்ட பிறகு ஸ்கவுட்டுக்கு (வேவு பார்க்கிற குதிரைக்கு) வேற வேலையே கிடையாது. மானுக்குப் பின்னால போய் நின்னு, அதுக்கும் டவுன் சென்டருக்கும் நேர்கோட்டுல குதிரையை முட்டுங்க. ஓடும், நிக்கும், மறுபடி முட்டுங்க. கோணல்ல முட்டினா பக்கவாட்டுல காட்டுக்குள்ள ஓடிடும், அப்போ சுத்திப் போய்த் திருப்பறதுக்கே நேரம் போயிடும்.

பாலாற்று_மணல்
மானைப் பார்த்துகினு இருக்கும்போது டவுன் சென்டரை யார் பார்க்கிறது? வில்லேஜர் வரிசை தீர்ந்து 10 நொடி நின்னா மொத்தச் சலுகையும் காலி. வீடு கட்ட மறந்தா கேட்கவே வேணாம். மான் பக்கத்துலயே 100 மரத்துக்கு மில் போட்டு மூணு பேரை விடறது பத்திரம்.

குடியாத்தம்_தறி
420 உணவுக்கு 100 மரம் மில்லா? அதே மரத்துல ஒண்ணரை ஃபார்ம் வரும், ஒரு ஃபார்ம்ல 175 உணவு. மில் வேணாம், மூணு மானும் வேணாம். பக்கத்துல இருக்கிற ரெண்டு மட்டும் இழுங்க, 280. மிச்சத்துக்கு நாலு ஃபார்ம். தங்கத்துக்கு ஆள் போகாததால மரத்துல ஏழு பேர் இருக்காங்க, அந்த 240 அங்கேந்து வந்துடும்.

மரத்தைச் சுமந்துகினு இருக்கிறவனை நேரா ஃபார்ம் போடச் சொல்லாதீங்க. அவன் விவசாயத்துல இறங்கின உடனே கையில இருந்த மரம் போச்சு. கேம்ப்ல இறக்கிட்டு அனுப்பணும்.

மக்கன்_பேடா
புதுசா ஆடறவங்க ஒருத்தர் கேட்கிறேன். திராவிடருக்கு மீன்பிடி போனஸ் இருக்குல்ல, அது உதவாதா? அப்புறம் மரம் வேகமா வெட்டறதுக்கான டபிள் பிட் ஆக்ஸ் ஆராய்ச்சியை எப்போ போடறது?

குடியாத்தம்_தறி
மீன் போனஸுக்குத் தண்ணி வேணுமே. அரேபியா நம்ம பாலாறு மாதிரி. ஆக்ஸுக்கு 100 உணவு, 50 மரம். 12:10க்கு முன்னாடி அந்த 100 உணவை எடுத்தா நொடிக்கு 5ங்கிற கணக்குல 20 நொடி பின்னாடி போயிடுவீங்க. கேசில் கிளிக் பண்ணின பிறகு போடுங்க. அப்போ 160 நொடி டவுன் சென்டர் ஆராய்ச்சியில இருக்கும், வில்லேஜருக்கும் உணவு கட்ட வேண்டியதில்ல.

இலவம்பாடி_கத்திரி
முதல் நொடியையும் கவனிங்க, பேடா. ஆரம்பத்துல மக்கள் 4 (மூணு வில்லேஜரும் ஸ்கவுட்டும்), இடம் 5. முதல் வில்லேஜர் வந்ததும் இடம் தீர்ந்துடும், அதுவே 25வது நொடி. ஒத்தை ஆள் வீடு கட்ட 25 நொடி, நடக்கிற நேரம் தனி. ரெண்டு பேர் கட்டினா 19 நொடி. மூணாவது ஆள் ரெண்டாவது வீட்டைப் போடட்டும். இங்க அஞ்சு நொடி தவறினா அது கடைசி வரைக்கும் கூடவே வரும்.

பாலாற்று_மணல்
தறி சொல்ற மார்க்கெட் கணக்கு ஓட்டத்துல நிக்குது. ஆனா ஒரு எச்சரிக்கை. மார்க்கெட் விலை எல்லா ஆட்டக்காரருக்கும் பொது. கம்ப்யூட்டர் எதிரி முந்திகினு கல் வித்திருந்தா 91 வராது. ஒரு படி இறங்கினா விலை 127, கைக்கு 88 சொச்சம். மரம் 70, கையிருப்பு 50, இன்னும் 200க்கு மேலதான். ஆறு படி இறங்கியிருந்தா மாட்டிக்குவீங்க. அதுக்காக 11:50க்கு மரம் 200 கையில வச்சிக்கங்க, 100 போதும்னு நிக்காதீங்க.

குடியாத்தம்_தறி
ஒத்துக்கிறேன், 200 வச்சிக்கலாம். விக்காத மரம் வீணாப் போகாது. கேசில் வந்ததும் இன்னொரு 200 மரம் இனாமா வருது, 275க்கு மேல 75 போட்டா டவுன் சென்டர். 14:40க்கே அஞ்சு மரவெட்டிகளை ரெண்டாவது மரக்கூட்டம் பக்கம் நகர்த்தி நிறுத்துங்க. அஞ்சு பேர்னா 64 நொடி. 14:50க்கு அஸ்திவாரம் வச்சா 15:54.

சத்துவாச்சாரி_ஸ்கவுட்
25+1ல 15:59. அதுவும் 16:30க்குள்ளதான். நான் அதோடயே போறேன்.

பாலாற்று_மணல்
போ. ஆறு பேரையும் எங்கேந்து இழுக்கறேன்னு மட்டும் முன்னாடியே குறிச்சி வச்சிக்கோ, கண்ட்ரோல் குரூப் 2ல போட்டு வை.