ஸ்வான்-கான்ஸில் 5.6, விரல் கஃபில் 2.9: எதை நம்புவது?

ராயபுரம்_நைட்டூட்டி:
பைபாஸ் முடிந்து 5 மணி நேரம் ஆன நோயாளி. பிஎஸ்ஏ (உடல் பரப்பளவு) 1.6 சதுர மீட்டர், வென்டிலேட்டர், நார்அட்ரினலின் (ரத்தக்குழாயை இறுக்கி பிபியை ஏற்றும் மருந்து) ஓடுகிறது. ஸ்வான்-கான்ஸ் (நுரையீரல் தமனி வரை போட்ட கத்தீட்டர்) வழியாக, ரத்தத்தைவிடக் குளிர்ந்த சலைனைத் தள்ளி வெப்பம் இறங்குவதை அளக்கும் தெர்மோடைல்யூஷனில் கார்டியாக் அவுட்புட் (இதயம் வெளியே தள்ளும் ரத்தம்) நிமிடத்துக்கு 5.6 லிட்டர், மூன்று தடவையும் கிட்டத்தட்ட அதேதான். விரலில் மாட்டும் கஃப் 2.9 காட்டுகிறது. லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாவிட்டால் ஏறுவது) 2.1-லிருந்து 3.4 ஆகிவிட்டது. ஹெச்பி (ஹீமோகுளோபின்) 10, தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் சாச்சுரேஷன் 98, பிஏ (நுரையீரல் தமனி) லைனில் எடுத்த மிக்ஸ்டு வீனஸ் (உடலைச் சுற்றித் திரும்பிய ரத்தம்) சாச்சுரேஷன் 58. உள்ளே போட்ட கத்தீட்டர் சொல்வதைத்தானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

பம்ப்_டெக்:
குறைவான 58-ம் ஏறும் லாக்டேட்டும் 5.6-உடன் ஒத்துப்போகவில்லை. ஃபிக் கணக்கைப் (உடல் செலவிடும் ஆக்சிஜனை, தமனி, சிரை ரத்த ஆக்சிஜன் வித்தியாசத்தால் வகுப்பது) போட்டுப் பாருங்கள். ஆக்சிஜன் செலவு சதுர மீட்டருக்கு 125 மில்லி பெருக்கல் 1.6, அதாவது 200. கீழே 13.4 × 10 × (0.98 – 0.58) = 53.6. வகுத்தால் 3.7. 125 என்பது உத்தேசம்தான், மயக்கத்தில் இருப்பவருக்கு அதற்கும் குறைவாகவே இருக்கும். அப்போது விடை இன்னும் இறங்குமே தவிர 5.6-க்கு ஏறாது.

மூன்று தடவை ஒரே எண் வந்ததை வைத்து ஏமாற வேண்டாம். காசிமேட்டில் மீன் நிறுக்கிற தராசு கோணலாக இருந்தால் எத்தனை தடவை நிறுத்தாலும் அதே எடைதான். இன்ஜெக்டேட் (உள்ளே தள்ளும் சலைன்) வெப்பத்தை அளக்கும் சென்சார் எங்கே இருக்கிறது?

ராயபுரம்_நைட்டூட்டி:
இன்லைன் சென்சார் (சலைன் போகும் குழாயிலேயே மாட்டுவது) ஸ்டாக் இல்லை சார். பாத் ப்ரோபைத்தான் (வெளியே தனியாக வைக்கும் சென்சார்) ஸ்டாண்டில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம், ஏசி காற்று படுகிற இடம். மானிட்டரில் இன்ஜெக்டேட் 21.5 டிகிரி. சலைன் பாட்டில் ஸ்டோரிலிருந்து வந்ததும் மாட்டினோம், தொட்டால் குளிர்ச்சியே இல்லை.

பம்ப்_டெக்:
அதுதான் கோளாறு. ரத்தம் 36.5, ப்ரோப் 21.5 என்பதால் 15 டிகிரி வித்தியாசம் என்று மானிட்டர் நினைக்கிறது. மே மாதத்து ஸ்டோர் ரூம் பாட்டில் 26.5 இருந்தாலே உண்மையான வித்தியாசம் 10தான். ரத்த வெப்பம் இறங்கி ஏறும் வளைவின் பரப்பு சுருங்கும், அவுட்புட் ஒன்றரை மடங்காகத் தெரியும். 5.6-ஐ 1.5-ஆல் வகுங்கள்: 3.7. ஃபிக்கும் அதையே சொன்னது.

திரும்ப எடுக்கும்போது கம்ப்யூட்டேஷன் கான்ஸ்டன்ட் (மானிட்டரில் போடும் கணக்கு எண்) உங்கள் கத்தீட்டர் மாடலுக்கும் 10 மில்லிக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். சிரிஞ்சில் 10-க்குப் பதில் 9 போனாலும் எண் கூடித்தான் காட்டும். மூச்சு வெளிவிட்டு முடிகிற நேரத்தில் 4 வினாடிக்குள் ஒரே சீராகத் தள்ளுங்கள். சிரிஞ்ச் பேரலை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காதீர்கள், சூடேறிவிடும். பக்கத்து லைனில் எதுவும் வேகமாக ஓடக் கூடாது.

தண்டையார்பேட்டை_எக்கோ:
எக்கோவிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் சிஸ்டர், ஊசி எதுவும் வேண்டாம். எல்விஓடி (இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வாசல்) விட்டத்தின் வர்க்கம் × 0.785 × விடிஐ (ஒரு துடிப்பில் ரத்தம் அங்கே நகரும் தூரம், செ.மீ.) × துடிப்பு. விட்டம் 1.9 செ.மீ., விடிஐ 14, துடிப்பு 96 என்றால் 3.8. விட்டத்தை மட்டும் கவனமாக அளக்க வேண்டும். 1.9-ஐ 2.1 என்று குறித்தால் விடை 4.7-க்கு எகிறிவிடும், வர்க்கம் போடுகிறோமே. ஒருமுறை சரியாக அளந்த விட்டத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்துவிட்டு, அடுத்தடுத்து விடிஐ மட்டும் எடுத்தால் போதும். டிரைகஸ்பிட் (இதயத்தின் வலப்பக்க வால்வு) கசிவையும் பாருங்கள். அது கூடுதலாக இருந்தால் தெர்மோடைல்யூஷனை நம்ப முடியாது, பெரும்பாலும் குறைத்துக் காட்டும்.

ராயபுரம்_நைட்டூட்டி:
அப்போ விரல் கஃப் 2.9 ஏன்?

பம்ப்_டெக்:
விரல் சில்லென்று இருக்குமே. நார்அட்ரினலினில் விரல் தமனி இறுகிவிட்டால் கஃபுக்கு நாடி அலையே சரியாகக் கிடைக்காது. வீங்கிய விரல், ஏஎஃப் (ஒழுங்கற்ற இதயத்துடிப்பு) இரண்டிலும் இதே பாடு. கை சூடான பிறகு பாருங்கள். அப்போதும் அந்த எண்ணைத் தனியாக நம்ப வேண்டாம், போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நோயாளியின் காலைத் தூக்கினால் ஸ்ட்ரோக் வால்யூம் (ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம்) 10 சதவீதம் ஏறுகிறதா என்பது போல. அவுட்புட் அளக்க நெஞ்சில் ஒட்டும் பேட் வகையை இவருக்கு யோசிக்கவே வேண்டாம். டிரெய்ன், பிளாஸ்திரி, நுரையீரலைச் சுற்றி நீர், எல்லாம் சிக்னலைக் கெடுக்கும்.

ராயபுரம்_நைட்டூட்டி:
பக்கத்து வார்டிலிருந்து இன்லைன் சென்சார் வாங்கி மாட்டியாச்சு. 3.6, 3.9, 3.8. எக்கோவில் கசிவு லேசுதான். இண்டெக்ஸ் (அவுட்புட்டை உடல் பரப்பளவால் வகுத்தது) 2.4 என்று டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டோம், பார்க்க வருகிறார்.

பம்ப்_டெக்:
மூன்றும் 10 சதவீதத்துக்குள் வருகிறது, சராசரியை எழுதுங்கள். பழைய 5.6-ஐச் சார்ட்டில் கோடு போட்டு அடித்துவிட்டு, ஏன் என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள், காலை ரவுண்ட்ஸில் "5.6-லிருந்து 3.8-க்கு இறங்கிவிட்டார்" என்று யாராவது பதறப்போகிறார்கள். கத்தீட்டர் நுனிப் பலூனில் காற்று இல்லை என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.