சாம்பிளிங்கை மாற்றினால் பீக் நகருது, எந்த விண்டோ போடணும்?

பட்டறைப்பையன்:
திருவொற்றியூர் பட்டறையில் கியர்பாக்ஸ் வைத்த மிக்சர் ஒன்று ஓடுகிறது, 4 போல் மோட்டார், நேம்பிளேட்டில் 1440 ஆர்பிஎம். அதிர்வை அளக்கும் அனலாக் அக்செலரோமீட்டரை பேரிங் மேல் காந்தத்தால் ஒட்டி, நொடிக்கு 1000 சாம்பிள் எடுத்து 1024 புள்ளி எஃப்எஃப்டி (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று பிரிக்கும் கணக்கு) போட்டேன். 24 ஹெர்ட்ஸ் பக்கம் வருவது சுழலும் வேகம், சரி. 120-ல் நிற்கும் பெரிய பீக் எதோடும் ஒட்டவில்லை. சாம்பிளிங்கை 1100-க்கு மாற்றினால் 220-க்கு ஓடிவிடுகிறது! ஹான், ஹாம்மிங், பிளாக்மேன் என்று விண்டோ (எஃப்எஃப்டிக்கு முன் சாம்பிள் தொகுப்பின் இரு ஓரத்தையும் தணிப்பது) எல்லாம் போட்டாச்சு, போகவே மாட்டேன் என்கிறது. வேறு எந்த விண்டோ?

கொருக்குப்பேட்டைக்காரன்:
விண்டோவை விடு தம்பி. நிஜ பீக் சாம்பிளிங்கை மாற்றினால் நகராது, இது அலியாஸிங், சாம்பிளிங்கில் பாதிக்கு மேல் இருக்கும் அதிர்வெண் மடிந்து கீழே பொய்யாகத் தெரிவது. 1000-லிருந்து 120 போனால் 880, 1100-லிருந்து 220 போனாலும் 880, ஆள் சிக்கிட்டான். 900-ல் எடு, 20-ல் வரும். பினியனில் (மோட்டார் தண்டின் சின்னப் பல்சக்கரம்) எத்தனை பல்?

பட்டறைப்பையன்:
900-ல் 20-ஏ வந்தது அண்ணா! பினியன் 36 பல்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
அப்போ கியர் மெஷ்தான், பல்லோடு பல் சேரும் அதிர்வு. 880-ஐ 36-ஆல் வகுத்தால் 24.4, அதாவது சுமார் 1467 ஆர்பிஎம். லோடு குறைவாக இருந்தால் மோட்டார் 1440-க்கு மேல்தானே ஓடும். மடிந்து உள்ளே வந்த பிறகு எந்த விண்டோவும், எந்த டிஜிட்டல் ஃபில்டரும் அதைப் பிரிக்காது, ஏடிசிக்கு (சிக்னலை எண்ணாக்கும் சிப்) முன்னாலேயே வெட்டணும். 400-ல் ஒற்றை ஆர்சி (ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஃபில்டர்) போட்டால் 880-ல் சுமார் 8 டெசிபெல்தான் குறையும், பத்தாது. ஏடிசி தாங்கினால் 10,000-ல் எடுத்து, டிஜிட்டலில் வடிகட்டி, அப்புறம் 1000-க்கு இறக்கு. 5000-க்கு மேல் வருவதற்கு ஆர்சி அங்கேயும் இருக்கட்டும்.

ராயபுரம்_ரேடியோ:
விண்டோ வேறு வேலைக்கு, பெரிய பீக்கின் கசிவு பக்கத்துச் சின்னதை மூடாமல் இருக்க. தினசரிக்கு ஹான் போதும். ஆனால் பீக் இரண்டு பின்னுக்கு (எஃப்எஃப்டியின் அதிர்வெண் கட்டம்) நடுவில் விழுந்தால் ஹான் உயரத்தை 15 சதவீதம் வரை குறைத்துக் காட்டும், அளவு முக்கியம் என்றால் ஃபிளாட்-டாப் விண்டோ. சுத்தியலால் தட்டிப் பார்க்கும் டெஸ்டில் மட்டும் ஹான் போட்டுடாதீங்க, தட்டிய தொடக்கத்தையே அது அமுக்கிடும்.

பட்டறைப்பையன்:
100 பக்கத்தில் ஒரே குண்டு பீக்காக இருக்கே, அதுக்கு?

ராயபுரம்_ரேடியோ:
சுழலும் வேகத்தின் நாலு மடங்கு 97.8, கரண்டின் இரண்டு மடங்கு 100. ஹானின் அகலமே 4 பின், உங்களுக்கு ஒரு பின் கிட்டத்தட்ட 1 ஹெர்ட்ஸ், ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? பிளாக்மேன் இன்னும் அகலம். 1000-லேயே வைத்து 8192 புள்ளி, எட்டு நொடிக்குக் கொஞ்சம் மேல் எடுங்க, பின் சின்னதாகி இரண்டும் பிரியும், அந்த நேரம் லோடு மாறாமல் பார்த்துக்கோங்க.