கிளிநொச்சியில் இரண்டு ரொக் குழுக்கள்: பாட்டுக் கேட்டது, சொல் கேட்டதா?

முறிகண்டிக் கச்சான்:
சனிக்கிழமை இரவு கிளிநொச்சியில் இரண்டு உள்ளூர் ரொக் குழுக்கள் ஒரே மேடையில் வாசித்தன. டிக்கெட் 500 ரூபாய். தகரக் கூரை போட்ட மண்டபம், பிளாஸ்டிக் கதிரைகள், வெளியே ஜெனரேட்டர். முதற் குழு எல்லோருக்கும் தெரிந்த திரைப்பாடல்களைக் கிற்றாரில் முறுக்கி வாசித்தது. பொடியன்கள் கதிரைகளை ஓரமாக அடுக்கிவிட்டு ஆடினார்கள். குறை சொல்ல எதுவும் இல்லை.

இரண்டாவது குழு முழுக்கச் சொந்தப் பாடல்கள். எட்டுப் பாடல்களில் எனக்கு விளங்கியது ஒரே ஒரு வரி: "வரம்பில் வைத்த கல் திரும்பவில்லை". காணி எல்லைக்கல்லைப் பற்றி எவ்வளவு அருமையான வரி! அதையும் பாடகர் "கால், கால்" என்று இழுத்துக் கெடுத்துவிட்டார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ரொக் தாளத்திலோ நான்கு தட்டில் இரண்டாவதும் நான்காவதும் ஓங்கி விழும். அந்த அடியில் மாட்டும் குறில் நெடிலாகிவிடுகிறது. இந்த இசை தமிழுக்குப் பொருந்தாது என்பதே என் முடிவு.

திரும்பும் வழியில் முறிகண்டியில் பஸ் நின்றது. கச்சான் விற்ற அம்மா சொன்ன விலை காதில் விழவில்லை. கடைசியில் விரல்களைக் காட்டினார்.

இரணைமடுத் தண்ணீர்:
அண்ணா, இலங்கைத் தமிழ்ப் பொப் இசை வந்தபோது நித்தி கனகரத்தினத்தையும் ஏ. ஈ. மனோகரனையும் பார்த்து, கிற்றாரும் பைலா என்ற துள்ளல் ஆட்டப்பாட்டும் நமக்கு எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இன்று "சின்ன மாமியே" இல்லாமல் ஒரு கலியாண வீடு முடிகிறதா?

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். முதற் குழுவைப் பாராட்டுகிறீர்கள், ஏனென்றால் அவர்கள் கோடம்பாக்கத்துப் பாட்டைத் திருப்பி வாசித்தார்கள். சொந்தமாக எழுதிக்கொண்டு மேடை ஏறியவர்களுக்குத்தான் இலக்கண வகுப்பு. மாங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் இருந்து வந்த பிள்ளைகள் தங்கள் ஊரைப் பாட இந்த ஒரு மேடைதான் கிடைத்தது. நீங்கள் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

தவில்காரர் பேரன்:
பொருந்தாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல் விளங்கவில்லை என்ற குறை நியாயமானது. நித்தி கனகரத்தினத்தின் பாட்டில் ஒவ்வோர் எழுத்தும் கேட்கும், தம்பி. அந்த உதாரணம் உங்களுக்கே எதிராகத் திரும்புகிறது.

முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தளம் இரவு முழுக்க அதிரும். ஆனால் பாட்டு எழும் இடத்தில் அது அடங்கும், வரி முடிந்ததும் மறுபடி பாயும். சனிக்கிழமை ட்ரம்ஸ் வாசித்த பிள்ளைக்குக் கை வேகம் இருக்கிறது, விட்டுக்கொடுக்கத் தெரியவில்லை. என் தாத்தா இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும்.

மிக்சர் மேசை:
எல்லோரும் வாத்தியக்காரரையே திட்டுகிறீர்கள். மனிதக் குரலில் மெய்யெழுத்துகளைத் தெளிவாகக் காட்டுவது பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான பகுதி. முறுக்கிய கிற்றாரும் ட்ரம்ஸின் வெண்கலத் தட்டும் உட்கார்ந்திருப்பது அதே இடத்தில்தான். கிற்றாரில் அந்தப் பகுதியைக் கொஞ்சம் இறக்கினால் குரல் மேலே வரும். அதைச் செய்ய, மண்டபம் நிரம்புவதற்கு முன் ஒலியைச் சரிபார்க்க நேரம் வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே இது இன்னும் கட்டாயம். சொன்ன சொல் கூரையில் பட்டுத் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழும்.

அந்த நேரம் ஏன் கிடைக்கவில்லை? ஜெனரேட்டர் தகராறில் முதற் குழு தொடங்கவே பிந்திவிட்டது. இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கி கூடாது என்பது 2007இல் உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடு. எஞ்சிய 40 நிமிடத்தில் இரண்டாவது குழுவை அப்படியே ஏற்றிவிட்டார்கள். முதற் குழுவின் சொல்லும் அங்கே விளங்கவில்லை என்பதுதான் உண்மை. பாட்டு ஏற்கெனவே மனப்பாடம் என்பதால் உங்கள் நினைவு இட்டு நிரப்பியது.

இன்னொன்று: என் கைபேசியில் 100 டெசிபல் காட்டியது. 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 என்றால் பதினைந்து நிமிடம். அடுத்த முறை பஞ்சாவது கொண்டு போங்கள்.

முறிகண்டிக் கச்சான்:
நினைவு இட்டு நிரப்பியது என்பதை ஒப்புக்கொள்கிறேன், யோசிக்காமல் விட்டுவிட்டேன். ஆனால் "கால்" என்று இழுத்ததற்குக் கூரை என்ன செய்யும்?

மூன்றாம் வாய்க்கால்:
நான் மேடைக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கிக்குப் பின்னால் நின்றேன். அங்கே குரல் நேராகக் கேட்டது. அது கல் அல்ல, அண்ணா. கால்தான். "வரம்பில் வைத்த கால் திரும்பவில்லை". அடுத்த வரி "சிவப்புப் பலகை பிறகுதான் வந்தது". மிதிவெடி அபாயம் என்று மண்டையோடு வரைந்து நட்டார்களே, அந்தப் பலகை.

பாடகர் எதையும் இழுக்கவில்லை. நெடிலை நெடிலாகவே பாடினார்.

இரணைமடுத் தண்ணீர்:
போதும். இனி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

முறிகண்டிக் கச்சான்:
தேவை இருக்கிறது, தம்பி. காலைக் கல்லாகத் திருத்தியது என் காதுதான். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒருவர் 2010இல் மீள்குடியேறிய மூன்றாம் மாதமே வரம்பில் கால் வைத்தவர். எனக்கு அந்த வரி பிடிபட்டிருக்க வேண்டும். மாத்திரைக் கணக்கைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் அந்த வரி பாடப்பட்டபோது மண்டபம் என்ன செய்தது? என் பக்கத்தில் விசில் அடித்தார்கள். முன்னால் நின்ற இருவர் கைபேசியைத் திருப்பித் தங்களையே படம் எடுத்தார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர் இல்லை, அவர்களுக்கும் விளங்கவில்லை. இப்படி ஒரு வரி எழுதியவர்கள் அது கேட்கிறதா என்று பார்க்காமல் மேடை ஏறியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நேரம் இல்லையென்றால் இரண்டு பாட்டைக் குறைத்திருக்கலாம்.

மிக்சர் மேசைக்காரர் அடுத்த முறை அவர்களோடு போவாராக இருந்தால் நான் மறுபடியும் 500 ரூபாய் கொடுக்கிறேன். முடியாவிட்டால் பாட்டு வரிகளைத் தாளில் அச்சடித்து வாசலில் கொடுக்கட்டும். கச்சான் சுற்றிக் கொடுக்கும் தாளாக இருந்தாலும் பரவாயில்லை.