முகூர்த்தத்தில் வீணையும் வயலினும்: எந்த நேரத்தில் வாசிக்கச் சொல்லலாம்?

கேள்வி:
வணக்கம். வருகிற தை மாதம் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் என் மகளுக்குத் திருமணம் நடைபெறவிருக்கிறது. சிறுவயது முதல் வீணை பயின்றவள் என்பதால், வீணையும் வயலினும் மிருதங்கமும் நேரில் ஒலிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். நாகஸ்வரம் இல்லாமல் தாலி கட்டுவதாவது என்று என் அக்கா வருந்துகிறார். சடங்கு முழுவதற்கும் தந்தி வாத்தியங்களையே அமர்த்தலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, வணக்கம். கச்சேரிகளில் வயலின் வாசிப்பவன் நான். ஆயினும் தாலி கட்டும் நேரத்தை நாகஸ்வரத்துக்கும் தவிலுக்குமே விட்டுவிடுங்கள் என்பேன். தும்மலோ அமங்கலமான சொல்லோ காதில் விழாதிருக்கத்தான் கெட்டிமேளம் கொட்டச் சொல்கிறார்கள். அனைவரும் அட்சதை தூவும் அந்த ஆரவாரத்தில் வீணையின் நாதம் முதல் வரிசைக்குக்கூட எட்டாது. விருந்தினர் வந்து அமரும் நேரம், ஊஞ்சல், மாலை வரவேற்பின் தொடக்கம் ஆகியவையே தந்தி வாத்தியங்களுக்கு உகந்தவை. தொடக்கத்துக்கு ஹம்சத்வனி, பிறகு கல்யாணி, ஆனந்தபைரவி என்று நிதானமாகக் கொண்டுசெல்லலாம். முகாரியைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

ஊஞ்சலைப் பற்றி மட்டும் முன்னதாகவே பேசி முடிவு செய்வது அவசியம். உறவுப் பெண்கள் பாடுவதாக இருந்தால் அவர்களுடைய சுருதி பெரும்பாலும் ஐந்து கட்டை (‘கட்டை’ என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) என்பதை ஒட்டியிருக்கும். வீணையோ அதற்கு வெகுவாகத் தாழ்ந்த சுருதியில் கூட்டப்பட்டிருக்கும். அங்கே வயலின் மட்டும் பாடுவோரின் சுருதிக்கு மாறி உடன் வாசிக்க, வீணை ஓய்ந்திருப்பதே அழகு. தியாகராஜர் குறிஞ்சியில் அமைத்த ‘சீதா கல்யாண வைபோகமே’ உங்கள் பட்டியலில் இருக்குமானால், அந்த ராகத்தை வழக்கமாக மத்திம சுருதியில் (‘ம’வையே ஆதார ‘ஸ’வாகக் கொண்டு) பாடுவார்கள் என்பதால், அதையும் வித்வானிடம் முன்பே தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கையில் தந்திகளைச் சுருதி கூட்டும் பிரடைகளைத் திருகிக்கொண்டிருக்க நேரும்.

மறுமொழி 2:
நான் வீணை கற்பிப்பவள். மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தி ஸ்வரம் எழுப்பும் குறுக்குக் கம்பிகள்) மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. ஹோம குண்டத்தின் அனலோ படப்பிடிப்பு விளக்குகளின் சூடோ நெடுநேரம் பட்டால் மெழுகு இளகும், மெட்டு சற்றே நகர்ந்தாலும் ஸ்வரம் பிசகும். ஆகவே மணமேடையில் இடம் ஒதுக்காமல், பக்கவாட்டில் தாழ்வான தனி மேடை ஒன்றை அமைத்து, நாகஸ்வரக் குழுவை எதிர்ப்புறத்தில் அமரச் செய்யுங்கள். மண்டபத்தின் பொது மைக்கை நம்ப வேண்டாம். வீணையில் ஒட்டி வைக்கும் காண்டாக்ட் மைக்கைக் கலைஞரே கொண்டுவருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிருதங்கத்தின் ஒலியைக் குறைத்து வைக்குமாறு ஒலியமைப்பாளரிடம் நீங்களே சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளிடம் காட்டினேன், வரவேற்பிலும் ஊஞ்சலிலும் தந்தி வாத்தியங்கள், முகூர்த்தத்தில் நாகஸ்வரம் என்பதற்கு அவளும் அக்காவும் இசைந்துவிட்டார்கள். ஊஞ்சலில் பாடவிருக்கும் என் தங்கையிடம் சுருதியைக் கேட்டு, இந்த வாரமே வயலின் வித்வானுக்குத் தெரிவித்துவிடுகிறேன்.