என்கிரிப்ட் செய்த பேக்கப் ஃபைல் சுருங்கவே மாட்டேன் என்கிறது, எந்த அல்காரிதம் போடலாம்?

காவேரிப்பட்டணம்_கணக்கு:
வணக்கம். எங்கள் ஊர் மாங்காய் மண்டி ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எடைமேடைச் சீட்டு, பட்டுவாடா விவரம், விவசாயிகளின் பாஸ்புக் போட்டோ எல்லாவற்றையும் ராத்திரி ஒரே டார் ஃபைலாகக் கட்டி, ஏஇஎஸ்-256 ஜிசிஎம் என்ற பூட்டு முறையில் என்கிரிப்ட் செய்து (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) கிளவுடுக்கு ஏற்றும். சீசனில் ஃபைல் 900 எம்பியைத் தாண்டுகிறது. அங்கே இருப்பது மொபைல் ஹாட்ஸ்பாட். பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

என்கிரிப்ட் ஆன ஃபைலுக்கு ஜிஜிப் என்ற சுருக்கும் நிரல் போட்டால் குறையவில்லை, கொஞ்சம் கூடித்தான் போகிறது. பிஜிப்2, எக்ஸ்இசட் போட்டாலும் அதே கதை. 2 ஜிபி ராம் உள்ள பழைய பெட்டி. எது சரியாக வரும்?

ஒசூர்_நைட்ஷிஃப்ட்:
அல்காரிதத்தைக் குறை சொல்லாதீர்கள், வரிசைதான் தலைகீழ். எந்தச் சுருக்கும் நிரலும் திரும்பத் திரும்ப வருவதைத் தேடிப் பிடித்துத்தான் இடத்தை மிச்சம் பிடிக்கிறது. உங்கள் சீட்டில் 'பெங்களூரா' என்ற மாங்காய் ரகம், தேதி, வண்டி எண் எல்லாம் ஓயாமல் வரும், அதற்கு அதுவே தீனி. ஏஇஎஸ்ஸைத் தாண்டியபின் ஒழுங்கே தெரியாத பைட்டுகள்தான் மிஞ்சும். அப்போதும் சுருங்கினால்தான் பயப்பட வேண்டும். முதலில் சுருக்குங்கள், அப்புறம் பூட்டுங்கள்.

உங்கள் பெட்டிக்கு இசட்எஸ்டிடி என்ற சுருக்கும் நிரல் போதும். 2016-ல் வந்தது, லெவல் 3 அதன் இயல்பு நிலை. லெவலை ஏற்றினாலும் விரிக்கும் வேகம் பெரிதாகக் குறையாது. எக்ஸ்இசட் இன்னும் கொஞ்சம் சின்னதாக்கும், ஆனால் அதிகபட்ச நிலையான -9 போட்டால் சுருக்க மட்டும் 674 எம்பி ராம் கேட்கும். பில் போடும் கம்ப்யூட்டர் திணறிவிடும். எல்இசட்4 பறக்கும், ஆனால் சுருக்கம் குறைவு. உங்களுக்கு நெட்தான் இடிக்கிறது என்பதால் அது வேண்டாம்.

பாலக்கோடு_வாத்தியார்:
தம்பி, சுருக்கினால் பூட்டும் பலமாகும் என்று அந்தக் காலத்தில் படித்தேனே? பேசாமல் ஜிப் ஃபைலுக்கு பாஸ்வேர்டு போட்டால் இரண்டும் முடிந்ததே!

ஒசூர்_நைட்ஷிஃப்ட்:
சார், மொழியில் இருக்கும் மிகையைக் குறைத்தால் சங்கேதத்தை உடைப்பது கடினமாகும் என்று 1949-லேயே தகவல் கோட்பாட்டு அறிஞர் ஷானன் எழுதியதிலிருந்து வந்த எண்ணம் அது. இன்றைக்கு ஏஇஎஸ்ஸுக்கு அந்த முட்டு தேவையில்லை. மூலத்தில் ஒரு பகுதி எதிரிக்குத் தெரிந்திருந்தாலும் அது தாங்கும். பழைய ஜிப் பாஸ்வேர்டு தாங்காது. பிஹாம், கோச்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-லேயே அதை உடைத்துக் காட்டினார்கள். 7-ஜிப்பில் ஏஇஎஸ்-256 தேர்ந்தெடுத்தால் சரி, அது தானே சுருக்கிவிட்டுத்தான் பூட்டுகிறது. ஃபைல் பெயரையும் மறைக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள்.

ராயக்கோட்டை_தக்காளி:
வரிசையை மாற்றுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பூட்டு உள்ளடக்கத்தை மறைக்கும், நீளத்தை மறைக்காது. 2012-ல் வந்த க்ரைம் தாக்குதல் இந்த ஓட்டையில்தான் நுழைந்தது. தாக்குபவர் பிரவுசரை ஒரு ஊகத்தோடு கோரிக்கை அனுப்ப வைப்பார். குக்கியும் (லாகினை நினைவில் வைக்கும் ரகசியத் துணுக்கு) அந்த ஊகமும் ஒன்றாகச் சுருங்கும். ஊகம் ஒரு எழுத்து சரியாக இருந்தால் பொட்டலம் ஒரு பைட் குறையும். இப்படியே எழுத்தெழுத்தாகக் குக்கியைப் பிடுங்கிவிடலாம். அடுத்த வருடம் அதே வகையில் ப்ரீச் தாக்குதல் வந்தது. இணையத் தொடர்பைப் பூட்டும் டிஎல்எஸ் முறையின் 2018-ல் வந்த 1.3 பதிப்பு சுருக்கத்தையே தூக்கி எறிந்துவிட்டது.

ஆகவே கேள்வி ஒன்றுதான். வெளியாள் எழுதுவதும் உங்கள் ரகசியமும் ஒரே சுருக்கத்தில் சேர்கிறதா, அவர் பலமுறை முயன்று நீளத்தைப் பார்க்க முடியுமா? ராத்திரி ஒரு தடவை போகும் பேக்கப்பில் இது பெரிய கவலை இல்லை. பக்கத்து மண்டிக்காரர் ஃபைல் அளவை வைத்து எத்தனை லோடு இறங்கியது என்று கணிக்கலாம், அவ்வளவுதான். அதுவும் பிடிக்கவில்லை என்றால் அடுத்த 10 எம்பிக்கு நிரப்பி அனுப்புங்கள்.

காவேரிப்பட்டணம்_கணக்கு:
நன்றிங்க அண்ணா. மாற்றிப் பார்த்தேன். சீட்டுப் பகுதி பத்தில் ஒரு பங்காகிவிட்டது! மொத்த ஃபைல் மட்டும் இன்னும் 800 எம்பிக்கு மேலேயே நிற்கிறது. அப்புறம் விவசாயிகள் போனிலிருந்து புகார் எழுதும் பக்கம் ஒன்று உண்டு, லாகின் டோக்கனும் (உள்ளே நுழைந்தவரை அடையாளம் காட்டும் ரகசியக் குறி) அதே பொட்டலத்தில் போகிறது. அதையும் சுருக்கலாமா?

ராயக்கோட்டை_தக்காளி:
அதைத் தொடவே தொடாதீர்கள். நான் சொன்னது அச்சு அசலாக அந்த மாதிரி இடத்தைத்தான்.

ஒசூர்_நைட்ஷிஃப்ட்:
மீதி இருப்பதெல்லாம் போட்டோ. ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியது, அதை எந்த நிரலாலும் பெரிதாக அசைக்க முடியாது. தனியாகப் பிரித்து, புதிதாக வந்தவற்றை மட்டும் அனுப்புங்கள். பாஸ்புக் என்ன தினமுமா மாறுகிறது?

கரண்ட் பிரச்சினைக்கு, சுருக்கியதை 8 எம்பித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாக என்கிரிப்ட் செய்யுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே சாவியில் நான்ஸ் (ஒவ்வொரு பூட்டுக்கும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் எண்) ஒருபோதும் திரும்ப வரக்கூடாது, ஜிசிஎம்மில் அது திரும்பினால் பூட்டே போச்சு. துண்டு எண்ணையும் 'இதுதான் கடைசி' என்ற குறியையும் ஜிசிஎம் சரிபார்க்கும் கூடுதல் தரவாகச் சேருங்கள், யாரும் இடம் மாற்றவோ வாலை வெட்டவோ முடியாது. மீட்கும்போது டேக் (யாரும் மாற்றவில்லை என்று காட்டும் முத்திரை) சரிபார்த்த பின்பே விரியுங்கள். யாராவது 42 கேபியில் பெட்டாபைட் கணக்கில் விரியும் ஜிப் குண்டை நுழைத்தால் 2 ஜிபி ராம் என்ன ஆகும்?

காவேரிப்பட்டணம்_கணக்கு:
சரிங்க அண்ணா, போட்டோவைப் பிரிக்கும் வேலையை இன்றைக்கே ஆரம்பிக்கிறேன். துண்டு எண்ணை எழுதும் நிரல் தயாரானதும் இங்கேயே போடுகிறேன், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.