பி.எஸ்சி. வேதியியல்: சனிக்கிழமை வேலைவாய்ப்புப் பயிற்சியில் சேரலாமா?

கேள்வி (நான்காம் பருவ மாணவன்)

அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கு அருகில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்து வருகிறேன். எங்கள் கல்லூரிக்கே வந்து, 15 சனிக்கிழமைகளில் மொத்தம் 45 மணி நேரம் வேலைவாய்ப்புப் பயிற்சி நடத்த ஒரு தனியார் நிறுவனத்தார் முன்வந்திருக்கிறார்கள். கட்டணம் 3,500 ரூபாய். சேர வேண்டும் என்று கட்டாயமில்லை. துறைத்தலைவர் "சேர்ந்துவிடுங்கள், பின்னால் உதவும்" என்கிறார். மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவரோ, "அரசின் 'நான் முதல்வன்' திட்ட வகுப்பில் இலவசமாகக் கேட்டதையே காசு கொடுத்து மறுபடி கேட்கப் போகிறாய்" என்கிறார்.

எம்.எஸ்சி.யை ஐ.ஐ.டி. ஒன்றில் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு அடுத்த பிப்ரவரியில் ஜாம் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் கடையில் நிற்பதால், படிப்பதற்கு முழுதாகக் கிடைக்கும் நாள் சனிக்கிழமை ஒன்றுதான். இடம் கிடைக்காமல் போனால் உடனே வேலைக்குப் போக வேண்டிய குடும்ப நிலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான் என்பதால் யோசனை கேட்கவும் யாருமில்லை. பயிற்சியின் அட்டவணையில் கணக்கும் தர்க்கமும் 18 மணி நேரம், ஆங்கிலப் பேச்சு 15, குழு விவாதம் 6, தன்விவரக் குறிப்பும் மாதிரி நேர்முகமும் 6 என்று உள்ளது. சேரலாமா?

பதில் 1 (மருந்து நிறுவன ஆய்வாளர்)

வணக்கம் தம்பி. ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கடந்த மூன்று ஆண்டுகளாகப் புதிதாக வரும் பி.எஸ்சி. மாணவர்களை நேர்முகம் காண்பவர்களில் நானும் ஒருத்தி. மூன்றாம் ஆண்டில் நானும் இப்படியொரு பயிற்சியில் சேர்ந்தேன். ரயில் கணக்கும் கடிகாரக் கணக்கும் போட்டது நினைவிருக்கிறது. என் முதல் நேர்முகத்தில் அவற்றை யாரும் கேட்கவில்லை.

அங்கே கேட்டது தரம்பார்த்தலைப் பற்றி, அதாவது பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் உள்ள பொருளின் அளவைக் காணும் சோதனை பற்றி: "பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் பியூரெட்டை அந்தக் கரைசலாலேயே அலசுகிறோம், கூம்புக் குடுவையை மட்டும் காய்ச்சி வடித்த நீரால் அலசுகிறோம், ஏன்?" மூன்று ஆண்டுகள் இதைக் கைப்பழக்கமாகச் செய்திருந்தும் ஒரு நிமிடம் வாயடைத்து நின்றேன். பியூரெட்டில் தங்கும் நீர் கரைசலை நீர்த்துவிடும். குடுவையில் தங்கும் கரைசலோ நாம் பிப்பெட்டில் அளந்து விட்டதற்கு மேல் ஒட்டிக்கொள்ளும். தெரிந்த விஷயம்தான், ஆனால் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகியதில்லை. இன்று நான் கேட்கும் கேள்விகளும் இந்த வகைதான்: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டுவிட்டுக் கந்தக அமிலத்தைச் சேர்ப்பது ஏன், நிறங்காட்டி எதுவும் இல்லாமல் முடிவுப்புள்ளி எப்படித் தெரிகிறது, அடர்ந்த நிறக் கரைசலில் மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுப்பது ஏன். வரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள், அதுவும் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எந்தப் பயிற்சி அட்டவணையிலும் இதை நான் பார்த்ததில்லை. கல்லூரியில் அப்சர்வேஷன் நோட்டில் கிறுக்கிவிட்டு, பிறகு ரெக்கார்டில் எண்களைச் 'சரிசெய்து' அழகாக எழுதுகிறோம் அல்லவா? மருந்து நிறுவனத்தில் அந்தப் பழக்கத்துக்குப் பெயர் தரவு முறைகேடு. தவறாக எழுதிய எண்ணை அழிக்கக் கூடாது, மேலெழுதவும் கூடாது. ஒரே ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, காரணம், கையொப்பம், தேதி மூன்றையும் போட வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு எச்.பி.எல்.சி. என்ற பகுப்பாய்வுக் கருவியை இயக்கக் கற்றுக்கொடுப்பதைவிட இதைப் பழக்குவதுதான் எங்களுக்குப் பெரும்பாடு.

ஆகவே அந்த 45 மணி நேரத்தில் கடைசி 6 மணி நேரம் மட்டுமே உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் என்பது என் எண்ணம். தன்விவரக் குறிப்பில் 'தரம்பார்த்தல் தெரியும்' என்று எழுதாமல், என்ன செய்தீர்கள், எதைக்கொண்டு செய்தீர்கள், அளவீடுகள் எந்த அளவுக்கு ஒத்துவந்தன என்று எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்.

பதில் 2 (கல்லூரி ஆசிரியர்)

மேலே எழுதிய அம்மையார் சொல்வது மருந்துத் துறைக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் எங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்தவன் என்ற முறையில் பயிற்சியின் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. வளாகத் தேர்வுக்கு வரும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் வங்கிகளும் முதல் சுற்றிலேயே கணக்கு, தர்க்கம், ஆங்கிலம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வு வைத்துப் பாதிப் பேரை வெளியேற்றிவிடுகின்றன. அந்தச் சுற்றைத் தாண்டாதவரிடம் பியூரெட்டைப் பற்றிக் கேட்கவே யாரும் வரமாட்டார்கள். எனவே 18 மணி நேரமும் வீண் என்று தள்ளிவிட முடியாது.

ஆங்கிலப் பேச்சு குறித்தும் ஒன்று சொல்வேன். முதல் தலைமுறை மாணவர்களிடம் நான் கண்ட குறை மொழியறிவு அன்று, பழக்கமின்மைதான். நாற்பது பேர் முன்னிலையில் எழுந்து நின்று, இலக்கணம் பிழைத்தாலும் நிறுத்தாமல் இரண்டு நிமிடம் பேசிய மாணவன் அடுத்த வாரம் வேறொருவனாக வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் துணிவு வீட்டில் தனியாகப் பழகி வருவதில்லை.

ஆனால் கட்டணம் செலுத்தும் முன் இரண்டைக் கேளுங்கள். பயிற்சியாளர்களில் அறிவியல் படித்தவர் எவரேனும் உண்டா? மாதிரி நேர்முகம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நடக்குமா, அல்லது ஒருவரை முன்னால் உட்காரவைத்து மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதா? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை வராவிட்டால் விட்டுவிடலாம். சான்றிதழுக்காக மட்டும் சேர வேண்டாம். அதை எந்த நேர்முகக் குழுவும் ஒரு நொடிக்கு மேல் பார்த்து நான் அறியேன். நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்டது முதல் மாணவர்களின் கோப்புகளில் சான்றிதழ்களுக்குப் பஞ்சமில்லை; அந்த வகுப்புகளைக் கைப்பேசி பார்த்தபடி கழித்தவர்களும் உண்டு, ஊன்றிக் கற்றவர்களும் உண்டு. அண்ணன் எந்த ரகம் என்று விசாரியுங்கள்.

பதில் 3 (ஆராய்ச்சி மாணவர்)

சேர வேண்டாம் என்பதே என் கருத்து. ஜாம் தேர்வில் 3 மணி நேரத்தில் 60 கேள்விகள், 100 மதிப்பெண். முதல் பகுதியின் 30 கேள்விகளில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். பல விடைகள் சரியாக இருக்கக்கூடிய 10 கேள்விகளிலும், எண்ணையே விடையாக எழுத வேண்டிய 20 கேள்விகளிலும் கழிவு கிடையாது. கல்லூரித் தேர்வுக்கு மனப்பாடம் செய்து பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு அந்த 30 கேள்விகள்தான் கண்ணி. இதற்குப் பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. 15 சனிக்கிழமைகள் என்பது 15 வினாத்தாள்கள்.

வேலைக்கான மாற்று வழியும் இருக்கிறது. தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் இப்போது பி.எஸ்சி. படித்தவர்களுக்கும் உண்டு, தென்மண்டல வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. பட்டதாரிகளுக்கு மாத உதவித்தொகை குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019ஆம் ஆண்டு விதித்திருத்தம் வகுத்தது. ஓராண்டு உண்மையான ஆலைக்குள் நின்றால், எந்தப் பயிற்சி வகுப்பும் தராத அனுபவம் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்

அக்காவுக்கும் ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. ஐயா சொன்ன இரண்டு கேள்விகளையும் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். நேர்முகம் பத்துப் பத்துப் பேராகக் குழுவாகத்தான் நடக்குமாம். அறிவியல் படித்த பயிற்சியாளர் இல்லை. அதனால் சேரவில்லை. மேடைப் பேச்சுக்குப் பதிலாக, வகுப்புத் தோழர்கள் நால்வர் சேர்ந்து வெள்ளிக்கிழமைதோறும் ஆய்வக வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம், அன்று செய்த சோதனையை ஒருவர் ஆங்கிலத்தில் விளக்குவது, மற்றவர்கள் 'ஏன்' என்று குடைவது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். முதல் வாரம் சிரித்தே நேரம் போய்விட்டது. இரண்டாம் வாரம் பரவாயில்லை.

அக்கா சொன்னபடி தன்விவரக் குறிப்பில் ஒரு வரி எழுதிப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள்: "மோர் உப்பில் (இரும்பு அம்மோனியம் சல்பேட்) உள்ள இரும்பின் அளவைப் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் மூலம் கண்டறிந்தேன், அடுத்தடுத்த மூன்று அளவீடுகள் 19.63, 19.62, 19.63 மில்லிலிட்டர்."

பதில் 4 (மருந்து நிறுவன ஆய்வாளர்)

வரி நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் கல்லூரி ஆய்வகத்து 50 மில்லி பியூரெட்டில் கோடுகள் 0.1 மில்லிக்கு ஒன்றுதான் இருக்கும். இரு கோடுகளுக்கு இடையே கண்ணால் மதிப்பிட்டால் 0.05 வரை சொல்லலாம். 19.62க்கும் 19.63க்கும் வித்தியாசம் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டால் என்ன சொல்வீர்கள்? இது ரெக்கார்டிலிருந்து எடுத்த எண் என்று நினைக்கிறேன். அப்சர்வேஷன் நோட்டைத் திறந்து, அதில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள்.