ஆங்கிலத்தில் 'டாக்' எப்போதெல்லாம் நாய் இல்லை?

நெய்தல் (கேள்வி):

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான ஆங்கிலம்–தமிழ் சொற்கையேட்டில் 'டாக்' என்ற சொல்லுக்கு ஒரு பதிவு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'நாய்' என்று ஒரே வரியில் முடித்தால் கீழே உள்ள எதுவும் விளங்காது:

1. டைட்டன் த லேத் டாக் பிஃபோர் ஸ்டார்ட்டிங் த மெஷின்.
2. ஹிஸ் கரியர் வாஸ் டாக்ட் பை இன்ஜுரீஸ்.
3. ஹீ ஸ்டுட் த ஃபர்ஸ்ட் டாக் வாட்ச்.
4. த டாக் டேஸ் ஆஃப் சம்மர்.
5. லெட் ஸ்லீப்பிங் டாக்ஸ் லை.

தொழிலில் இந்தச் சொல் எங்கெங்கே வருகிறது, மரபுத்தொடர்களில் மாணவர்கள் துணிந்து பயன்படுத்தக்கூடியவை எவை, படித்துப் புரிந்துகொண்டால் போதும் என்பவை எவை, வாயைத் திறக்கவே கூடாதவை எவை? துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சொல்லேர்:

2ஆம் வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன், மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான். 'டாக்' வினையாக வந்தால் 'விடாமல் பின்தொடர்' என்று பொருள். மோப்பம் பிடித்துப் பின்னாலேயே போகும் வேட்டைநாயிலிருந்து வந்தது. பெரும்பாலும் செயப்பாட்டு வினையாக, 'பை' சேர்ந்து வரும். பின்தொடர்வது எப்போதும் கெட்டதாகத்தான் இருக்க வேண்டும்: காயம், கடன், வதந்தி, வழக்கு. வெற்றி ஒருவரை 'டாக்' செய்யாது. தமிழில் 'அவருடைய ஆட்ட வாழ்க்கை முழுக்கக் காயங்கள் துரத்திக்கொண்டே இருந்தன' என்றால் சரியாக இருக்கும்.

உச்சரிப்பில் ஒரு கண்ணி. இந்த இறந்தகால வினை ஓரசை: 'டாக்ட்'. எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும் பெயரடை ஈரசை: 'டாகிட்'. பெயரடைக்குப் பொருளும் வேறு, 'விடாமுயற்சியுள்ள'. 'டாகிட் டிஃபென்ஸ்' என்றால் விட்டுக்கொடுக்காத தடுப்பாட்டம். இது பாராட்டு, 'பிடிவாதம்' என்று பெயர்த்தால் திட்டு ஆகிவிடும், 'விடாப்பிடி' பொருந்தும். பதிவில் இரண்டையும் தனித்தனித் தலைப்பாகவே கொடுங்கள். கப்பல் நிற்கும் 'டாக்' முற்றிலும் வேறு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் அதற்கும் ஒரு குறிப்பு தேவை.

4ஆம் வாக்கியத்துக்கும் தெருநாய்க்கும் சம்பந்தமில்லை. பெருநாய் என்ற விண்மீன் குழுவில் உள்ள சிரியஸ், கோடையில் சூரியனோடு சேர்ந்து உதிப்பதால்தான் வெயில் கூடுகிறது என்று கிரேக்கரும் ரோமரும் நம்பினார்கள். ஆங்கிலப் பஞ்சாங்க வழக்கில் ஜூலை 3 முதல் ஆகஸ்ட் 11 வரை. 'அக்னி நட்சத்திரம்' என்று பெயர்க்க ஆசை வரும், இரண்டிலும் நட்சத்திரம் இருக்கிறதே. ஆனால் நம்முடையது மே மாதம். லண்டன் ஜூலையைப் பற்றிய பத்தியில் அதைப் போட்டால் காலமே மாறிவிடும். 'உச்சக்கோடை' போதும். பங்குச் சந்தைச் செய்தியில் இதே தொடர் வந்தால் வெயிலை மறந்துவிட்டு 'மந்தமான நாட்கள்' என்று எழுதுங்கள்.

முறுக்காணி:

லேத் டாக்: லேத்தில் (கடைசல் இயந்திரம்) இரண்டு சென்டருக்கு (முனையைத் தாங்கும் கூர்முனை) நடுவே ஜாபைப் (கடையும் துண்டு) பிடித்துக் கடையும்போது ஜாபைச் சுற்றவைக்கும் பிடிப்பு. சில பட்டறைகளில் 'கேரியர்' என்பார்கள். சென்டர் ஜாபைத் தாங்கத்தான் செய்யும், சுழற்றாது. ஹெட்ஸ்டாக் (லேத்தின் சுழற்றும் தலைப்பகுதி) பக்க முனையில் டாக்கை மாட்டி, திருகை இறுக்கி, வளைந்த வாலை டிரைவிங் பிளேட்டின் பள்ளத்தில் விட வேண்டும். பிளேட் சுற்றும், வால் சுற்றும், ஜாப் சுற்றும். வால் நேராக இருக்கும் வகையும் உண்டு. அதைக் கேட்ச் பிளேட்டில் உள்ள பின் தள்ளும்.

தவறு நடக்கும் இடங்கள்:

வளைந்த வால் பள்ளத்தின் அடியில் முட்டக்கூடாது. முட்டினால் ஜாபை சென்டரிலிருந்து இழுக்கும், உருளை வட்டமாக வராது. கையால் ஆட்டிப் பார்த்தால் வாலில் கொஞ்சம் ஆட்டம் தெரிய வேண்டும்.

ஏற்கெனவே முடித்த பரப்பில் மாட்டினால் திருகு தடம் பதிக்கும். இடையில் செம்புத் தகடு அல்லது பித்தளைத் தகடு வைக்க வேண்டும்.

திருகின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சுற்றும்போது சட்டைக் கையை இழுத்துவிடும். தலை உள்ளடங்கிய வகைதான் நல்லது.

டாக் இருக்கும் நீளத்தைக் கடைய முடியாது. ஜாபைத் திருப்பிப் போட்டுத்தான் மிச்சத்தை முடிக்க வேண்டும்.

கையேட்டில் 'நாய்' என்று போட்டுவிடாதீர்கள். பட்டறையில் யாருக்கும் புரியாது. 'லேத் டாக்' என்றே எழுதி, 'சுழற்றும் பிடிப்பு' என்று விளக்கம் கொடுங்கள். இரும்பில் கவ்விப் பிடிக்கும் எதற்கும் ஆங்கிலத்தில் இந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். தச்சு மேசைத் துளையில் பலகையைத் தடுத்து நிறுத்தும் கட்டை 'பெஞ்ச் டாக்'.

'டாக் கிளட்ச்' சேர்க்க மறக்காதீர்கள். உராய்வுக் கிளட்ச் வழுக்கி வழுக்கிப் பிடிக்கும். டாக் கிளட்சில் பல் பள்ளத்தில் விழுந்தால் முழுப் பிடிப்பு, விழாவிட்டால் ஒன்றுமில்லை, நடுநிலை கிடையாது. மோட்டார் சைக்கிள் கியர்பாக்ஸில் பல்சக்கரத்தின் பக்கவாட்டில் புடைத்திருப்பவைதான் டாக். அரைகுறையாகக் கியர் போட்டுக்கொண்டே இருந்தால் அவற்றின் விளிம்பு மழுங்கும். பிறகு ஆக்சிலரேட்டரைத் திருகும்போது கியர் தானாகத் துள்ளி வெளியே வரும். அப்போது கிளட்ச் பிளேட்டை மாற்றிப் பயன் இல்லை.

செங்கல்மேடு:

சிவில் மாணவர்களுக்கு ஒன்று. 'டாக்லெக்டு ஸ்டேர்கேஸ்': மேலே போகும் வரிசை பாதி உயரத்தில் ஒரு மேடையில் நின்று, அடுத்த வரிசை எதிர்த்திசையில் திரும்பும் படிக்கட்டு. இரண்டு வரிசைக்கும் நடுவே திறந்த இடைவெளி இருக்காது. இருந்தால் அது 'ஓப்பன் வெல்'. தேர்வில் இந்த வேறுபாட்டைத்தான் கேட்பார்கள். படிக்கட்டு அறையின் அகலம் ஒரு வரிசையின் அகலத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பக்கவாட்டில் பார்த்தால் நாயின் பின்னங்கால் மடிப்பு தெரியும், அதனால் இந்தப் பெயர். சாலையிலும் கோல்ஃப் திடலிலும் வரும் கூர்மையான வளைவு வெறும் 'டாக்லெக்'.

நங்கூரம்:

3ஆம் வாக்கியம். கப்பலில் காவல் முறை 4 மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு 6. ஆட்களை இரண்டு பிரிவாகப் பிரித்தால் 6 இரட்டைப்படை, ஒரே பிரிவுக்குத் தினமும் அதே நள்ளிரவு முறை விழும். அதைத் தவிர்க்க மாலை 4 முதல் 8 வரை உள்ள முறையை இரண்டாக வெட்டினார்கள்: 4–6, 6–8. மொத்தம் 7 ஆகிவிட்டது, முறை தினமும் மாறும். இந்த 2 மணி நேரத் துண்டுகள்தான் 'டாக் வாட்ச்'. இரண்டாவதற்கு பிரிட்டிஷ் கடற்படையில் 'லாஸ்ட் டாக்' என்று பெயர். 'செகண்ட் டாக்' என்றால் கரைக்காரன் என்று தெரிந்துவிடும். மூன்று பிரிவாக 4 மணி வேலை, 8 மணி ஓய்வு என்று ஓடும் இன்றைய வணிகக் கப்பல்களில் பொதுவாக இது இல்லை. தமிழில் 'மாலைக் குறுங்காவல்' என்று எழுதலாம்.

கப்பலின் நீர்புகாக் கதவைச் சுற்றி இருக்கும் இறுக்குக் கைப்பிடிகளும் 'டாக்'தான். 'டாக் டவுன் த ஹேட்ச்' என்றால் மூடியை எல்லாக் கைப்பிடியும் போட்டு இறுக்கு என்று உத்தரவு. ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போனால் எதிர்ப்பக்கம் ரப்பர் விளிம்பு சரியாக அமுங்காது, நீர் கசியும். எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும்.

சொல்லேர்:

இனி மரபுத்தொடர்கள்.

தைரியமாகப் பயன்படுத்தலாம்: 'அண்டர்டாக்' (தோற்பார் என்று எல்லாரும் எண்ணும் தரப்பு, 'எளியவர்' என்பது எப்போதும் பொருந்தாது, பணக்கார அணியும் அண்டர்டாக் ஆகலாம்), 'பார்க்கிங் அப் த ராங் ட்ரீ' (தேடும் இடமே தவறு, மரத்தில் ஏறிய ரக்கூனைத் தேடி வேறு மரத்தடியில் குரைக்கும் அமெரிக்க வேட்டைநாய்), 'டாக் ஈட் டாக் வேர்ல்ட்' (ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்க்கும் கடும்போட்டி உலகம்). கடைசித் தொடரைக் காதால் கேட்டு 'டாகி டாக் வேர்ல்ட்' என்று எழுதுகிறவர்கள் ஆங்கிலேயர்களிலும் உண்டு, மாணவர்களை எச்சரியுங்கள்.

'டாக் இன் த மேன்ஜர்' வந்தால் கவலையே வேண்டாம். வைக்கோற்போர் நாய் நம்மிடம் அப்படியே இருக்கிறது. 'ஓல்ட் டாக், நியூ ட்ரிக்ஸ்' என்பதற்கு 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' ஓரளவு ஈடு.

புரிந்தால் போதும்: 'டாக் விசில் பாலிடிக்ஸ்'. மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு அதற்கு மேலும் கேட்கும். பொதுமக்களுக்குச் சாதாரணமாகவும் குறிப்பிட்ட கூட்டத்துக்கு மட்டும் உள்ளர்த்தத்தோடும் ஒலிக்கும் பேச்சை இப்படிச் சொல்கிறார்கள். 'சீ எ மேன் அபௌட் எ டாக்' என்று ஒருவர் எழுந்து போனால் அவர் நாய் வாங்கப் போகவில்லை, பெரும்பாலும் கழிப்பறைக்குப் போகிறார்.

வாயைத் திறக்கக்கூடாதது: ஒரு பெண்ணை 'டாக்' என்பது அவள் தோற்றத்தை இழிவுபடுத்துவது. 'த டாக்ஸ் பாலக்ஸ்' பிரிட்டனில் 'அபாரம்' என்று பொருள்படும், ஆனால் கொச்சை, அலுவலகத்தில் கூடாது. 'லக்கி டாக்' ஆங்கிலத்தில் செல்லம்தான், ஆனால் தமிழில் 'அதிர்ஷ்டக்கார நாயே' என்றால் அடிதடி. 'கொடுத்துவைத்தவன்' என்று முடித்துவிடுங்கள்.

5ஆம் வாக்கியத்துக்குத் 'தூங்குகிற புலியைத் தட்டி எழுப்பாதே' போடலாம்.

பனையோலை:

புலியில் எனக்கு உடன்பாடில்லை. புலிப் பழமொழி வலிமையானவனைச் சீண்டுவதைப் பற்றியது. புறநானூறு 73இல் சோழ மன்னன் நலங்கிள்ளி சொல்லும் 'துஞ்சுபுலி இடறிய சிதடன் போல' என்பதும் அதே பொருள்தான்: தூங்கும் புலிமேல் தடுக்கி விழுந்த குருடன், பிழைத்துப் போவது அரிது. ஆங்கிலத் தொடரில் யாருடைய வலிமையும் பேசப்படவில்லை. அடங்கிப்போன பழைய தகராறை மறுபடி தொடாதே என்பதுதான் செய்தி. சொத்துத் தகராறு முடிந்த குடும்பத்தில் இதைச் சொல்வார்கள். 'பழசைக் கிளறாதே' என்பதே நேர். எதிராளி பயங்கரமானவர் என்று பத்தியில் இருந்தால் மட்டும் புலியை அழைக்கலாம்.

ஆங்கிலக் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டில் இதையே சொன்னபோது 'ஹவுண்ட்' என்றுதான் எழுதினார். அப்போது நாய்க்குப் பொதுச்சொல் அதுதான். பிறகு 'டாக்' அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, 'ஹவுண்ட்' வேட்டைநாயாகச் சுருங்கியது.

'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (மழை கொட்டித் தீர்க்கிறது) வந்தால், கூரை வேய்ந்த வீட்டிலிருந்து நாயும் பூனையும் வழுக்கி விழுந்த கதையைத் தயவுசெய்து கையேட்டில் ஏற்றாதீர்கள். அது 1999இல் மின்னஞ்சலில் சுற்றிய கட்டுக்கதை. தொடரும் இன்று பேச்சில் பழசாகத் தெரிகிறது. 'இட்ஸ் போரிங்' (மழை கொட்டுகிறது; சலிப்பைக் குறிக்கும் 'போரிங்' அல்ல) என்றால் போதும்.

நெய்தல்:

எல்லாருக்கும் நன்றி. சொல்லேர் ஐயா, புலியை எடுத்துவிடுகிறேன். இன்னும் இரண்டு: 'டாக்ஸ் பிரேக்ஃபாஸ்ட்', 'டாக்ஸ் டின்னர்' இரண்டும் ஒன்றா? மென்பொருள் பாடத்தில் 'டாக்ஃபுடிங்' என்று வருகிறதே, அது என்ன?

சொல்லேர்:

புலியை எடுப்பதே சரி, பனையோலை சொன்னது நியாயம்.

'பிரேக்ஃபாஸ்ட்' என்றால் குளறுபடி, சொதப்பல். 'ஹீ மேட் எ டாக்ஸ் பிரேக்ஃபாஸ்ட் ஆஃப் இட்': காரியத்தைக் கெடுத்துவிட்டான். 'டின்னர்' பிரிட்டனில் இரண்டு விதமாக வரும். 'மேட்' சேர்ந்தால் அதே சொதப்பல். 'டிரெஸ்டு அப் லைக் எ டாக்ஸ் டின்னர்' என்றால் இடத்துக்குப் பொருந்தாத அளவு அலங்காரம் செய்துகொண்டவர், அதுவும் கேலியாக. முன்னால் வரும் வினையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

'டாக்ஃபுடிங்': தான் செய்த மென்பொருளை வெளியிடுவதற்கு முன் நிறுவனமே தன் அன்றாட வேலைக்குப் பயன்படுத்திப் பார்ப்பது. 1988இல் மைக்ரோசாஃப்டில் பால் மாரிட்ஸ் எழுதிய மின்னஞ்சலின் தலைப்பிலிருந்து அந்த நிறுவனத்துக்குள் பரவியது. பயன் என்னவென்றால் சோதனைக் குழுவின் பட்டியலில் இல்லாத பிழைகள் அன்றாட வேலையில் மாட்டும். குறை, நிரலாளர்களுக்குக் கருவியின் வளைவு நெளிவு தெரியும். புதிதாக வரும் பயனர் எங்கே திணறுவார் என்பது அவர்கள் கண்ணில் படாது. அதனால் வெளியாட்களை வைத்துச் செய்யும் சோதனைக்கு இது மாற்று ஆகாது. தமிழில் 'நாயுணவு' வேண்டாம், 'சொந்தப் பயன்பாட்டுச் சோதனை' என்று போடுங்கள்.